புங்கசமுத்திரத்து வளைவு

சித்தூர்
12 ஜூன் 2023

அன்புள்ள பத்மினிக்கு,

இங்கே என் இடது முழங்காலைத் தவிர எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. உன் சர்க்கரையும் உன் மகன் தனசேகரின் லாட்ஜும் ஒரு கட்டுக்குள் இருக்கும் என்று நம்புகிறேன். போனில் பேசலாமே என்பாய். காது மெஷினில் உன் குரல் தகரக் கூரைமேல் மழை பெய்வதுபோல் கேட்கிறது. தவிர, எழுதிவிட்டால் பிறகு ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்று யாரும் சொல்ல முடியாது.

போன வியாழக்கிழமை, அரசு சாலைகளைப் பார்க்கும் ஆர் அண்ட் பி ஆபீசிலிருந்து ஹரிபாபு என்ற இளம் என்ஜினியர் வந்தார். குடிபாலா சாலையை அகலப்படுத்தப் போகிறார்களாம். மாட்டு வண்டித் தடமாகக் கிடந்ததை 1974-இல் அளந்து சாலையாக்கியவர் என் கணவர். அதன் பிறகுதான் அது ஜில்லா சாலையாகி, பின்னர் ஸ்டேட் ஹைவே என்று எண்ணும் வாங்கியது. இப்போது எல்லைப் பக்கத்திலிருந்து வரும் கிரானைட் லாரிகளுக்கு வளைவுகள் ஆகவில்லையாம். உன் ஊர் புங்கசமுத்திரத்தைச் சுற்றிக்கொண்டு போகும் பெரிய வளைவைக் கைவிட்டு, ஏரிக்கு அந்தப் பக்கமாக நேராகப் போட உத்தேசம்.

“அம்மா, சார் எந்துக்கு அங்க வளைச்சாருன்னு எங்க ரிகார்டுல இல்ல. நேரா போற லைனையும் அவரே சர்வே பண்ணியிருக்காரு. வெள்ளமா, மண்ணு சரியில்லையா, ஏதாவது தெரிஞ்சா செப்பண்டி. காரணம் இருந்தா வளைவ வெச்சுக்கலாம். லேகபோதே, இல்லன்னா, போயிடும்” என்றார் தெலுங்கு கலந்த தமிழில். நவம்பரில் ஊரில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைக்கிறார்கள். என்னை அழைத்திருக்கிறார்.

என் கணவரின் வரைபடங்களில் ஊர்ப் பெயர்களை எழுதியது நான். வேலூர் கான்வென்ட்டில் சிஸ்டர் திருத்திய கை. எழுத்தின்மேல் ஒரு கோடு பட விடமாட்டேன். ஆனால் சாலை ஏன் வளைந்தது என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

ஹரிபாபு செருப்பை மாட்டிக்கொண்டே, “ஊர்ல அத டீச்சரம்மா வளைவுன்னு சொல்றாங்கம்மா” என்றார். அந்த ஊரில் ரிட்டையர் ஆகும் வரை டீச்சராக இருந்தவள் நீ. ஆகையால் உன்னைக் கேட்கிறேன். ஏன் வளைத்தார்?

பதிலுக்குக் காத்திருக்கும்
ருக்மணி ஆதிநாராயணன்

*

திருச்சானூர்
9 ஜூலை 2023

அன்புள்ள அக்காவுக்கு பத்மினியின் வணக்கம்.

தாயார் புண்ணியத்தில் எல்லோரும் சுகம். முழங்காலை நினைத்து வருத்தமாக இருக்கிறது. இங்கே கோயில் வாசலில் மூலிகை எண்ணெய் விற்கிறார்கள். ஒரு புட்டி அனுப்பியிருக்கிறேன். சூடு செய்து தேய்த்துப் பழந்துணி கட்டுங்கள். லாட்ஜில் கல்யாணக் கூட்டம் ஓயவில்லை. வெந்நீர் வரவில்லை என்று காலையிலேயே சண்டை. பேத்தி பிரித்திகா காலேஜுக்கு ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருக்கிறாள். எனக்குக் கண்ணில் புரை விழுந்திருக்கிறது. நவம்பரில் ஆபரேஷன் என்கிறார்கள்.

சாலை விஷயம் எழுதியிருந்தீர்கள். அந்த வளைவு இருப்பதால்தான் பள்ளிக்கூட வாசலில் பஸ் நிற்கிறது. மாமா போட்ட சாலை நேராகிவிட்டால் ஊர் ஒதுங்கிவிடும் அக்கா. பெரிய வகுப்புக்குச் சித்தூர் போகிற பெண்பிள்ளைகளை ஏரிக்கரையில் நடக்கவிட யார் துணிவார்கள்? வீட்டோடு நிறுத்திவிடுவார்கள். மாமாவின் பெயருக்கு ஆபீசில் இன்னும் மரியாதை உண்டு. நீங்கள் நல்லபடியாக ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்கள். மாமா காரணம் இல்லாமல் எதையும் செய்யமாட்டார்.

டீச்சரம்மா வளைவு என்பது ஏதோ ஒரு பஸ் கண்டக்டர் வைத்த பெயர். அதை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் அன்பு
பத்மினி

*

சித்தூர்
15 ஜூலை 2023

பத்மினிக்கு,

கடிதமும் எண்ணெயும் வந்தன. முழங்கால் அப்படியே இருக்கிறது, வீடுதான் நாறுகிறது. உன் கண்ணைக் கவனித்துக்கொள்.

லாட்ஜைப் பற்றி எழுதியிருக்கிறாய், எண்ணெயைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான் கேட்டதற்கு ஒரே வரி: காரணம் இல்லாமல் செய்யமாட்டார். அவரோடு நாற்பது வருஷம் வாழ்ந்தவளுக்கு அதை நீ எழுதித் தெரிவிக்கிறாய். வரிக்கு வரி ‘மாமா’ வேறு. நீ அவருடைய அத்தை மகள், கூப்பிட உரிமை உண்டு. ஆனால் அவர் போய்ப் பன்னிரண்டு வருஷமான பின்னும் அந்த உரிமையை இவ்வளவு தாராளமாகச் செலவழிக்க வேண்டுமா?

ஒன்று கேட்கிறேன். எங்கள் கல்யாணம் முடிந்து அவர் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும்போது நீ வாசலை மறித்துக்கொண்டு நின்றாய். முறைப்பெண் இருக்க மாப்பிள்ளை வேறு பெண்ணைக் கட்டிவந்தால், அவள் வழி மறிப்பாள், அவள் கேட்டதைக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்றார்கள். நான் மாலையோடு நின்றேன். நீ எக்கி அவர் காதில் ஏதோ சொன்னாய். அவர் குனிந்து உன் காதில் ஏதோ சொன்னார். கூடமே சிரித்தது. எனக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை.

புடவை கேட்டாள், வாங்கித் தந்தார் என்று பிறகு சொன்னார்கள். அந்த வருஷத் தீபாவளிக்கு நீ மை நீலப் பட்டில் வந்தாய். அன்றிலிருந்து எனக்கு அந்த நிறம் ஆகாது. ஒரு தடவை அவர் எனக்கும் அதே நீலத்தில் வாங்கி வந்தார். பெட்டியில் போட்டேன். இன்றுவரை கட்டவில்லை.

நீ கேட்டது புடவைதானா?

ருக்மணி ஆதிநாராயணன்

*

சித்தூர்
26 ஆகஸ்ட் 2023

பத்மினிக்கு,

நலம்தானே? பதிலே இல்லாததால் கேட்கிறேன்.

உன் பதிலுக்காக நான் உட்கார்ந்திருக்கவில்லை. கார் வைத்துக்கொண்டு வளைவைப் பார்க்கப் போனேன். பள்ளிக்கூடத்துக்கு எதிரில் டீக்கடை. கடைக்காரி செல்லியம்மா உன் மாணவியாம்.

“இன்னா மா, ரோட்டையே பாத்துக்கினு நிக்கிற? வழி தப்பிட்டியா?”

“வழி தப்பவில்லை. சாலை ஏன் இப்படி வளைகிறது என்று பார்க்கிறேன்.”

“இதா? இது டீச்சரம்மா வளைவு. இன்ஜினியரு ஒர்த்தரு இருந்தாரு, ஆதி சாருன்னு. டீச்சரம்மாவுக்கு மாமன் மவன். அவங்களுக்கோசரம் போட்டுக் குடுத்தாரு. எங்க நைனா அந்த ரோட்டுக்கு மண்ணு சொமந்தாரு. டீ துன்னுட்டு... ஐய, குடிச்சிட்டுப் போ மா. நீ யாரு?”

“அந்த இன்ஜினியரின் மனைவி.”

அவள் கையிலிருந்த டீயை எனக்குத் தரவில்லை. தானே குடித்துவிட்டாள்.

டீக்கடைக்கும் தெரிந்தது எனக்குத் தெரியாது. மண் சுமந்தவர்களுக்குத் தெரிந்தது, அவரோடு ஒரே இலையில் சாப்பிட்ட எனக்குத் தெரியாது. நவம்பர் கூட்டத்தில் காரணம் எதுவும் கிடையாது என்று சொல்லிவிடப் போகிறேன். நேராகவே போகட்டும்.

ருக்மணி ஆதிநாராயணன்

*

திருச்சானூர்
5 செப்டம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

என்மேல் இருக்கிற கோபத்தில் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உங்களுக்கு பிரஷர் ஏறும் என்று தெரிந்துதான் எழுதத் தயங்கினேன்.

நான் கேட்டது புடவை இல்லை. சாலை.

அப்போது டீச்சர் டிரெயினிங்குக்குச் சித்தூர் போய்க்கொண்டிருந்தேன். பஸ் பிடிக்க ஏரிக்கரையோடு மெயின் ரோடு வரை நடக்க வேண்டும். மழைக்காலத்தில் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனால், ஆடு மேய்க்கிறவன்கூடக் கேலி செய்வான். எங்கள் தெருப் பெண்கள் யாருமே அதுவரை படிக்கப் போனதில்லை. மாமாவுக்கு அப்போதுதான் ஆர் அண்ட் பி-யில் வேலை கிடைத்திருந்தது. “எங்க ஊருக்கு பஸ் வர்றாப்போல ஒரு ரோடு போட்டுக் குடு மாமா” என்றேன். உரக்கக் கேட்டால் சிரிப்பார்கள் என்று காதில் சொன்னேன். அப்படியும் சிரித்தார்கள். எதற்குத் தெரியுமா? எங்கள் அம்மா, “இன்னாடி ரகசியம்? மாப்பிள்ளையையே கேட்டுட்டியா?” என்று கத்தினாளே, அதற்கு.

நீலப் பட்டு எங்கள் அம்மா ஆடு விற்று வாங்கியது. முறைப்பெண்ணுக்கு மாப்பிள்ளை ஒன்றும் கொடுக்கவில்லை என்று ஊர் பேசக் கூடாதென்று, அவர் வாங்கிக் கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டாள்.

ஊரைத் தண்டித்துவிடாதீர்கள் அக்கா.

பத்மினி

*

சித்தூர்
11 செப்டம்பர் 2023

பத்மினிக்கு,

மாத்திரை வேளை தவறாமல் சாப்பிடுகிறேன். உன் பொருட்டு அல்ல.

நீ எழுதியது ஆறுதல் என்று நினைத்தாயா? புடவையாக இருந்திருந்தால் இந்நேரம் கிழிந்திருக்கும். ஐம்பது வருஷமாக ஒரு கிழிந்த துணிமேல் கோபப்பட்டேன் என்று விட்டிருப்பேன். சாலை கிழியாது. அதற்கு அரசாங்கம் எண் போட்டிருக்கிறது, தார் பூசிக்கொண்டே இருக்கிறது. எனக்கு அவர் வாங்கித் தந்தது ஒரு தையல் மிஷின், ஒரு பிரஷர் குக்கர், நான் கட்டாத நீலப் புடவை. அவற்றின்மேல் பஸ் ஓடாது.

இன்னொன்றையும் கவனித்தேன். நீ அவர் காதில் சொன்னதை எழுதிவிட்டாய். அவர் உன் காதில் சொன்னதை எழுதவில்லை. மறந்துவிட்டது என்று எழுதாதே. அப்படிப்பட்டதை எந்தப் பெண்ணும் மறக்கமாட்டாள்.

அன்றைக்கு நீ என் வழியை மறித்தாய். இப்போது நான் மறிக்கிறேன். அவர் சொன்னது என்ன? அதைச் சொல்லாமல் உன் பஸ் போகாது.

ருக்மணி ஆதிநாராயணன்

*

திருச்சானூர்
19 அக்டோபர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. எழுதி எழுதிக் கிழித்தேன். தனசேகர், “இன்னாமா, பரீட்சை பேப்பரா திருத்திக்கினு இருக்க?” என்று கேலி செய்கிறான்.

மாமா என் காதில் சொன்னது இது: “பொண்ணு பாக்கப் போன வீட்டுல, செவுத்துல அவ போட்ட படம் மாட்டியிருந்தாங்க. நான் இன்னா அளந்தாலும் இனிமே வரையப் போறவ அவதான். அவ வரைஞ்சா உன் ஊருக்கு ரோடு வரும். அவளைப் பகைச்சிக்காத.”

அவ்வளவுதான் அக்கா. மாலையும் கழுத்துமாக நீங்கள் பக்கத்தில் நிற்கிறீர்கள். வழி மறித்தவளுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கிற இடத்தில், உங்களைப் பற்றிப் பேசினார்.

பிறகு சர்வேக்கு வந்து எங்கள் வீட்டில் சாப்பிட்ட நாட்களிலும் அதே பேச்சுத்தான். “ருக்கு போட்டா கோடு தண்ணி மாதிரி போவும்.” “ருக்கு எழுதுனா அச்சடிச்சா மாதிரி இருக்கும்.” எங்கள் அம்மா இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றுவாள். நான் எழுந்து உள்ளே போய்விடுவேன். அந்தச் சாலையில்தான் வேலைக்குப் போனேன், அந்தச் சாலையில்தான் என் வீட்டுக்காரர் முனிசாமி என்னைக் கட்டிக்கொள்ள வந்தார். ஆனாலும் மாமா சொன்னதை உங்களிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சொன்னால் அதுவும் உங்களுடையதாகிவிடும். இத்தனை வருஷம் என்னிடமே வைத்திருந்தேன்.

இப்போது கொடுத்துவிட்டேன். வழியை விடுங்கள்.

பத்மினி

*

திருச்சானூர்
24 நவம்பர் 2023

அன்புள்ள அக்காவுக்கு,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கார்த்திகை பிரம்மோற்சவக் கூட்டம் கலைந்து இப்போதுதான் தெருவில் நடக்க இடம் கிடைக்கிறது. நான் சொல்லச் சொல்ல பிரித்திகா எழுதுகிறாள். அவளுடைய தப்புகளை என் கணக்கில் எழுதாதீர்கள்.

நீங்கள் பதில் போடவில்லை. கூட்டமும் முடிந்துவிட்டது. வேறு வழியில்லாமல் செல்லியம்மாவுக்குப் போன் போட்டேன்.

“டீச்சரம்மா, அந்தக் கான்வென்ட்டு அம்மா வந்துச்சு. முன்னாடி சேருல நெட்டுக்குத்தா குந்திக்கினு இருந்துச்சு. பெரிய ஆபீசரு, ‘சார் எதுக்கு வளைச்சாரு?’ன்னாரு. ‘வளைச்சது அவரில்லை, நான்’னுச்சு. ஆபீசரு கைல இருந்த பிஸ்கெட்டு டீல வுழுந்துடுச்சு.”

“அப்புறம் இன்னாடி சொன்னாங்க?”

“அப்புறம் இங்கிலீஷுல தாளிச்சிடுச்சு. எனக்கு இன்னா தெரியும்? ஆனா ஆபீசரு எழுந்து நின்னுட்டாரு, தெர்தா? அதைப் பாத்து ஹரிபாபு சாரும் நின்னுட்டாரு. அதான் நாங்களும் நின்னோம்.”

ஊரே எழுந்து நிற்கும்படி அப்படி என்ன சொன்னீர்கள்? கண்ணில் கட்டு இருக்கிறது, அழக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நல்லதாக இருந்தால் மெதுவாக எழுதுங்கள்.

பத்மினி

*

சித்தூர்
30 நவம்பர் 2023

அன்புள்ள பத்மினிக்கு,

கண் குணமாகி வருவது குறித்து மகிழ்ச்சி. பிரித்திகாவின் எழுத்து உன்னுடையதைவிட மேல். ஒற்றுப் பிழைகளைச் சிவப்பில் வட்டமிட்டு இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

உன் அக்டோபர் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் பொறாமையில் இருந்தேன். அதற்கு மேலும் இருந்தேன். ‘ருக்கு போட்டால் கோடு தண்ணீர் மாதிரி போகும்’ என்று அவர் ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை. ‘பரவாயில்லை’ என்பார், அவ்வளவுதான். என்னைப் பற்றிய நல்ல வார்த்தையெல்லாம் உங்கள் வீட்டுக் கூடத்தில் கேட்டிருக்கிறது. என் புகழ்ச்சியை நீ உட்கார்ந்து கேட்டிருக்கிறாய். எழுந்து உள்ளே போயிருக்கிறாய்! நானாக இருந்தால் இன்னொரு கரண்டி சோறு போட்டு முழுவதையும் கேட்டிருப்பேன்.

பிறகு நினைவு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாட்டு மேஜையில் வரைபடம் போடும் டிரேசிங் துணியை விரித்தார். “முதல்ல ஊர்ப் பேரை எழுதிடு, நல்லா பெரிசா” என்றார். எழுதினேன். புங்கசமுத்திரம், நீளமான பெயர். இடம் நிறையவே எடுத்துக்கொண்டது. மை காய்ந்த பிறகு, பென்சிலில் லேசாகப் போட்டிருந்த இரண்டு கோடுகளைக் காட்டினார். “ரெண்டுல எதுக்கு மை போடறது? நீயே பாத்து ஒண்ணு போடு.” ஒன்று நேர்க்கோடு, என் எழுத்தின் நடுவில் வெட்டிக்கொண்டு போயிற்று. இன்னொன்று பெயரைச் சுற்றி வளைந்தது. யோசிக்கவே இல்லை. வளைந்ததற்கு மை போட்டேன். அவர் சிரித்தார். என்ன சிரிப்பு என்று கேட்டேன். “பரவாயில்லை” என்றார்.

முதலில் பெயரை எழுதச் சொன்னார், பிறகுதான் கோட்டை. என் குணம் தெரிந்த மனிதர். உனக்குப் பட்ட கடனை என் கையால் தீர்த்திருக்கிறார், எனக்கே தெரியாமல். அவர் இப்போது எதிரில் இருந்தால் குக்கர் மூடியால் அடிப்பேன்.

கூட்டத்தில் இதைத்தான் சொன்னேன். “அம்மா, இது டெக்னிக்கல் காரணம் இல்லையே” என்றார் ஆபீசர். இல்லைதான். ஏரியில் வெள்ளம், மண் சரியில்லை என்று பொய் சொல்ல எனக்கு வராது. “ஊர்க்காரர்கள் கேட்டார்கள். நாங்கள் கொடுத்தோம். இப்போது நீங்கள் திருப்பிக் கேட்கிறீர்கள். நான் தரமாட்டேன். அந்த ஊரின் பெயர்மேல்தான் கோடு போட வேண்டுமென்றால், வரைபடத்தைக் கொண்டுவந்து என் கண்ணெதிரில் போடுங்கள்” என்றேன். ஆபீசர் எழுந்தது மரியாதைக்கா, பிஸ்கெட்டை எடுக்க ஸ்பூன் தேடவா என்று எனக்குத் தெரியாது. முடிவும் தெரியாது.

உனக்காகச் செய்தேன் என்று நினைக்காதே.

ருக்மணி

*

திருச்சானூர்
22 ஜனவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

கண் நன்றாகத் தெரிகிறது. நானே எழுதுகிறேன். முதலில் தெரிந்தது நீங்கள் எழுதிய ‘நாங்கள் கொடுத்தோம்’ என்ற வார்த்தை. டாக்டர் சொன்னதை என்னால் கேட்க முடியவில்லை.

நேற்று ஹரிபாபு போன் செய்தார். வளைவு இருக்குமாம். லாரி திரும்பக் கொஞ்சம் நீட்டி அகலமாக்குவார்களாம். டீக்கடை மட்டும் பின்னால் தள்ளிப் போக வேண்டும். “போவட்டும், கான்வென்ட்டு அம்மாவுக்கு அன்னிக்கு டீ குடுக்காத பாவம்” என்கிறாள் செல்லியம்மா.

பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பெயர்ப் பலகை வைக்க ஊரில் முடிவு. ‘டீச்சரம்மா வளைவு’ என்று எழுத வேண்டாம், உங்கள் பெயரை எழுதுங்கள் என்று நான் சொல்லிவிட்டேன். நீங்கள் சரி என்றால் சித்தூரிலேயே பெயின்டரைப் பிடிக்கலாம் என்கிறார்கள். முழங்கால் எப்படி? பலகை வைக்கும் நாளில் வர முடியுமா?

உங்கள் அன்புத் தங்கை
பத்மினி

*

சித்தூர்
28 ஜனவரி 2024

அன்புள்ள பத்மினிக்கு,

முழங்கால் அப்படியேதான். வருவேன்.

பெயின்டர் வேண்டவே வேண்டாம். இவர்கள் எழுதும் எழுத்தைக் கடைப் பலகைகளில் தினமும் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறேன். தகரத்தை இங்கே அனுப்பச் சொல். நானே எழுதித் தருகிறேன். கை இன்னும் நடுங்கவில்லை.

என் பெயர் வேண்டாம். நீ தானமாகக் கொடுக்கும் பெயரைப் பலகையில் போட்டுக்கொள்ளும் நிலையில் நான் இல்லை. மேலே ‘புங்கசமுத்திரம்’, பெரிதாக. அதன் கீழே ‘டீச்சரம்மா வளைவு’, கொஞ்சம் சிறிதாக. எவ்வளவு சிறிது என்பது என் இஷ்டம்.

உன் அம்மா ஆடு விற்று வாங்கிய நீலப் பட்டு இன்னும் இருக்கிறதா? இருந்தால் அன்றைக்குக் கட்டிக்கொண்டு வா. நேற்று நான் பெட்டியைத் திறந்தேன். என்னுடையது மடிப்பில்கூடக் கிழியவில்லை, சரிகை கறுக்கவில்லை. வெயிலில் உதறிப் போட்டிருக்கிறேன். அதைத்தான் கட்டி வரப்போகிறேன். விதவைக்கு எதற்கு நீலம் என்று கேட்கிறவர்கள் பஸ் ஏறிப் போகட்டும்.

பள்ளிக்கூட வாசலில் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்போம். யாருடையது நல்ல நீலம் என்று உன் ஊரே சொல்லட்டும்.

ருக்கு